யாருக்காக யார் பேசுவது?

தலித் அல்லாதவர் தலித் இலக்கியம் படைக்க முடியுமா? 90களின் சிற்றிதழ்களைப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் இந்தக் கேள்விதான். முடியும் என்றார்கள், முடியாது என்றார்கள். பட்டவன் எழுதுவது வேறு, பார்த்தவன் எழுதுவது வேறு என்றார்கள். எம்.ஏ. தமிழ் படித்த காலத்தில் நூலகத்துத் தூசிக்குள்ளிருந்து அந்த இதழ்களை எடுத்து வாசித்தவன் நான். விவாதம் ஓய்ந்துபோய்விட்டது. கேள்வி ஓயவில்லை. இப்போது அது வேறொரு இடத்தில், பள்ளிக்கூட வாசலில் வந்து நிற்கிறது.

உடல் ஊனத்தோடோ மனவளர்ச்சிக் குறைபாட்டோடோ பிறந்த ஒரு சேரிப் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க வேண்டும். பிள்ளைக்காகப் பேசப் போவது அம்மா. அம்மாவுக்கு ஆபீசில் பேச வராது என்று அவருக்காகப் பேசப் போவது இயக்கத்துக்காரன். இயக்கத்துக்காரனுக்கும் மேலே, எல்லாருக்கும் சேர்த்துப் பேசுவதாகச் சொல்லிக்கொள்வது சட்டம். இத்தனை பேர் பேசுகிறார்கள். பிள்ளை எங்கே? அம்மா இடுப்பில் இருக்கிறது. அதனிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை.

இங்கே அறம் சார்ந்த இரண்டு கேள்விகள் எழுகின்றன. ஒருவருக்கு உதவுகிறேன் என்று கிளம்பி, அவர் வாயைப் பிடுங்கிக்கொள்ளாமல் இருப்பது எப்படி? பள்ளிக்கூடத்தோடு மோதினால் அந்தக் கோபம் பிள்ளைமேல் இறங்கும் என்று தெரிந்திருந்தும், ஒரு தாயைப் பார்த்துப் 'போராடு' என்று சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

1

எங்கள் பகுதியில் ஒரு காலனி. அங்கே ஒரு பையனுக்கு எட்டு வயது. மூளை முடக்குவாதம். இரண்டு காலும் கத்தரிக்கோல் போலப் பின்னிக்கொள்ளும். பேச்சு குழறும், ஆனால் பொறுமையாகக் கேட்டால் எல்லாம் புரியும். அறிவில் ஒரு குறையும் இல்லை. அக்காவுக்குக் களையெடுப்பு, நடவு, கரும்பு வெட்டு என்று கூலி வேலை. ரெண்டாவது வரைக்கும் பையனை இடுப்பில் தூக்கிக்கொண்டுபோய் விட்டு வந்தார். மூன்றாம் வகுப்பு மாடியில். பிரச்சனை அங்கிருந்துதான் ஆரம்பித்தது.

அக்கா கூப்பிட்டதால் ஒருநாள் கூடப் போயிருந்தேன். எச்.எம். நல்லவிதமாகத்தான் பேசினார்.

"ஏம்மா, நாங்க வாணாம்னா சொல்றோம்? பேரு ரிஜிஸ்டர்ல இருக்கட்டும். நீ புள்ளய வூட்லயே வச்சிக்க. ஸ்பெஷல் டீச்சர் வூட்டுக்கே வந்து பாப்பாங்க. இல்லன்னா காலையிலருந்து சாயங்காலம் வரைக்கும் நீயும் கூடவே வந்து உக்காரு. ஒண்ணுக்கு ரெண்டுக்கு வந்தா யாரு பாக்குறது?"

"சரிங்க சார்" என்றார் அக்கா.

வெளியே வந்ததும் என்னிடம், "அவரு சொல்றதும் நாயந்தான தம்பி. அம்மாம் புள்ளைங்கள வச்சிக்கினு அவுங்கதான் இன்னா பண்ணுவாங்க" என்றார். கொஞ்ச தூரம் நடந்தோம். பிறகு அவராகவே சொன்னார்: "நான் படிக்கச்சொல்ல கடைசி வரிசையில உக்காரச் சொன்னாங்க. இவனுக்கு அந்த வரிசையும் இல்லன்றாங்க."

அந்த 'சரிங்க சார்' ஒரு தனிமனுஷியின் பயத்திலிருந்து மட்டும் வந்த சொல் இல்லை. ஆண்டை வீட்டுக் களத்துமேட்டில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிப் பழகிய சொல் அது. இடம் மாறிப் பள்ளிக்கூடத்துக்கு வந்திருக்கிறது, அவ்வளவுதான். இதே குறைபாட்டோடு பட்டணத்தில் ஒரு வசதியான வீட்டில் பிறக்கும் பிள்ளைக்கும் பள்ளி கதவைச் சாத்தத்தான் பார்க்கும். ஆனால் அந்தப் பெற்றோர் கையில் ஃபைல் இருக்கும். டாக்டர் சர்டிபிகேட்டும் வக்கீல் சொந்தக்காரரும் இருப்பார்கள். உள்ளே போனதும் நாற்காலி போடுவார்கள். அக்காவுக்கு யாரும் நாற்காலி போடவில்லை. பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றபடியேதான் பேசினார். ஊனம் ஒன்றுதான். கேட்கிற காது ஆளுக்கு ஆள் மாறுகிறது.

'பேரு ரிஜிஸ்டர்ல இருக்கட்டும்' என்பதையும் கவனிக்க வேண்டும். பதிவேட்டில் பிள்ளை இருக்கும், வகுப்பில் இருக்காது. காகிதத்தில் ரோடு போட்டு முடித்த காலனிகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். இந்தக் கணக்கு நமக்குப் புதுசில்லை.

2

சாதிக்கும் ஊனத்துக்கும் என்ன சம்பந்தம், இரண்டையும் ஏன் போட்டுக் குழப்புகிறாய் என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். சம்பந்தத்தை நான் உண்டாக்கவில்லை. மனு உண்டாக்கி வைத்திருக்கிறான். மனுதர்மத்தின் 11ஆம் அத்தியாயம், செய்த பாவத்தின் மிச்சம்தான் குருடராகவும் செவிடராகவும் ஊமையாகவும் உருக்குலைந்தவராகவும் பிறப்பதற்குக் காரணம் என்கிறது. 9ஆம் அத்தியாயம் இவர்களுக்குச் சொத்தில் பங்கில்லை, சோறு போட்டால் போதும் என்கிறது. கீழ்ச்சாதியாகப் பிறப்பதற்குச் சொன்ன காரணமும் இதே முன்வினைதானே? 1927 டிசம்பர் 25 அன்று மகாட்டில் அம்பேத்கர் தலைமையில் எரிக்கப்பட்ட புத்தகத்துக்குள் சேரிக்காரனைத் தள்ளிவைத்த பக்கமும் இருந்தது, கால் வராத பிள்ளையைத் தள்ளிவைத்த பக்கமும் இருந்தது. முதல் பக்கத்தைப் பற்றி நிறையப் பேசியாயிற்று. இரண்டாவது பக்கத்தை நாம் திரும்பிப் பார்க்கவே இல்லை.

'போன ஜென்மத்துல இன்னா பாவம் பண்ணாளோ' என்று அக்காவைப் பார்த்துச் சொல்வது ஊர்த்தெரு மட்டுமில்லை. நம் தெருவும் சொல்கிறது. சாதி விஷயத்தில் கர்மத்தைக் காறித் துப்புகிற வாய், இந்தப் பிள்ளை விஷயத்தில் அதே கர்மத்தை எடுத்து உச்சரிக்கிறது. பாதி மட்டும் எரிந்த மனுதர்மத்தை வீட்டில் வைத்திருக்கிறோம் என்றுதான் இதற்கு அர்த்தம்.

பெயர் வைப்பதிலும் இதே கதை. நமக்கு 'ஹரிஜன்' என்று பெயர் வைத்தார் காந்தி. கடவுளின் பிள்ளைகளாம். 2015இல் பிரதமர் மோடி ஊனமுற்றோரை 'திவ்யாங்' என்று அழைக்கச் சொன்னார். தெய்வீக உறுப்பு கொண்டவர்களாம். தமிழ்நாட்டு அரசு 2010இல் கொண்டுவந்த 'மாற்றுத்திறனாளி' இவற்றைவிடக் கௌரவமான சொல்தான், மறுக்கவில்லை. ஆனால் எந்தச் சொல்லும் படிக்கட்டை இடித்துச் சாய்தளம் கட்டித் தராது. கும்பிடத் தயாராக இருக்கிறவர்கள் பக்கத்தில் உட்கார வைக்கத் தயாராக இல்லை என்பதை 'ஹரிஜன்' என்ற சொல்லின் சரித்திரம் நமக்குக் கற்றுக் கொடுத்திருக்கிறது. தெய்வக் குழந்தைக்குப் பூஜை போடலாம், டி.சி. கொடுத்து அனுப்பியும் விடலாம்.

கருணையின் பாஷை இது. கருணை காட்டுகிறவன் எந்த நேரமும் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். கெஞ்சி வாங்கிய இடத்தில் பிள்ளை உட்கார்ந்தால், வருஷா வருஷம் கெஞ்சிக்கொண்டே இருக்க வேண்டும். எச்.எம். மாறினால் முதலிலிருந்து கெஞ்ச வேண்டும்.

3

அப்படியானால் உரிமை என்ன சொல்கிறது? இதைத் தெரிந்துவைத்துக்கொள்வது இயக்கத்துக்காரர்களின் குறைந்தபட்சக் கடமை என்பதால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

1995ஆம் ஆண்டுச் சட்டமே ஊனமுற்ற பிள்ளைகளுக்கு 18 வயது வரை இலவசக் கல்வி என்றது. 2009இல் இயற்றி 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி என்றது. 2012இல் அதைத் திருத்தினார்கள். ஊனமுற்ற பிள்ளைகளும், தலித் பழங்குடிப் பிள்ளைகளைப் போல, 'வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினர்' என்ற வரையறைக்குள் வந்தார்கள். கடுமையான ஊனமும் பல்வகை ஊனமும் உள்ள பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்தே கல்வி பெறும் வழியையும் அதே திருத்தம் சேர்த்தது. சட்டம் அதைப் பெற்றோரும் பிள்ளையும் தேர்ந்தெடுத்துக்கொள்ளக்கூடிய உரிமை என்று வைத்திருக்கிறது. பள்ளிக்கூடம் தேர்ந்தெடுத்துப் பெற்றோர் தலையில் கட்டுவதற்கு அதில் இடமில்லை. 'வூட்லயே வச்சிக்க' என்று எச்.எம். சொன்னபோது, நம்முடைய உரிமையை எடுத்து நமக்கு எதிராகவே நீட்டினார்.

2016இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 7 வகை ஊனங்களை 21 வகையாக விரித்தது. 40 விழுக்காட்டுக்குக் குறையாத ஊனமுள்ள பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி. அருகிலுள்ள பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்று தேர்ந்தெடுப்பது பிள்ளையின் விருப்பம். பாகுபாடு இல்லாமல் சேர்க்க வேண்டும். கட்டடமும் வளாகமும் போய்வரக் கூடியதாக இருக்க வேண்டும். அந்தந்தப் பிள்ளைக்குத் தேவையான வசதியையும் உதவியையும் செய்து தர வேண்டும். பிள்ளை வந்துபோக வண்டி வசதி, அதிக உதவி தேவைப்படும் பிள்ளையோடு வருகிற துணையாளுக்கும் வண்டி வசதி. பரீட்சையில் கூடுதல் நேரம், சொல்லச் சொல்ல எழுத ஒருவர். இதெல்லாம் எழுத்தில் இருக்கிறது. கூடவே, கல்வி நிறுவனங்கள் இதைச் செய்ய அரசு 'முயல வேண்டும்' என்ற வார்த்தையும் அங்கே இருக்கிறது. சட்டம் எழுதுகிறவர்கள் ஓட்டை வைப்பது அந்த மாதிரி வார்த்தையில்தான்.

தேவையான வசதி என்றதும் பெரிய செலவு என்று பயமுறுத்துவார்கள். இந்தப் பையனுக்குத் தேவைப்பட்டது என்ன? மூன்றாம் வகுப்பைக் கீழே கொண்டுவந்து, வேறொரு வகுப்பை மாடிக்கு அனுப்புவது. முதல் செலவு பூஜ்யம். பிடித்துக்கொள்ள வாகாகக் கக்கூசில் ஒரு கம்பி. இடுப்பு நழுவாமல் உட்கார ஒரு நாற்காலி. ஒருவருக்கு நேரம் கொடுத்துக் கேட்கிற பழக்கம்.

'நீயும் கூடவே வந்து உக்காரு' என்பதை ஒரு உபகாரம் போலச் சொல்கிறார்கள். கூலிக்காரிக்கு அது எவ்வளவு பெரிய அபராதம் என்று யோசிக்க வேண்டும். அவர் பள்ளியில் உட்கார்ந்தால் அன்றைய கூலி போயிற்று, அடுப்பு எரியாது. ஒரு பிள்ளை தொடக்கக் கல்வியைத் தொடர்வதற்கும் முடிப்பதற்கும் தடையாக இருக்கிற எந்தக் கட்டணத்தையும் செலவையும் அதன்மேல் சுமத்தக்கூடாது என்கிறது கல்வி உரிமைச் சட்டத்தின் 3ஆம் பிரிவு. தாயின் ஒருநாள் கூலி அந்தச் செலவு இல்லையா? சம்பளம் வாங்காத ஆயாவாக ஒரு தாயை மாற்றி நடத்துகிற கல்விக்கு இலவசக் கல்வி என்று எப்படிப் பேர் வைக்க முடியும்?

இன்னொன்றும் நம்மவர்கள் அறிய வேண்டியது. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை நாம் நன்றாக அறிவோம். பிறர் பார்வையில் படும் இடத்தில் இழிவுபடுத்தும் நோக்கத்தோடு அவமதிப்பது குற்றம், 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 92ஆம் பிரிவு ஊனமுற்றவருக்கும் இதே வாசகத்தை, இதே தண்டனையோடு வைத்திருக்கிறது. வகுப்பில் நிறுத்திவைத்து 'நொண்டி' என்றும் 'லூசு' என்றும் கூப்பிட்டுச் சிரிப்பது இனி வேடிக்கை ஆகாது. சாதிப் பேர் சொல்லித் திட்டியதற்கு எஃப்.ஐ.ஆர். போட வைக்க நாம் பட்ட பாடு தெரியும். இதற்கும் அதே பாடுதான் படவேண்டியிருக்கும். ஆனால் பாடு படத் தெரிந்தவர்கள் நாம்.

4

சட்டம் நம் பக்கம் என்று அக்காவிடம் சொன்னபோது அவர் கேட்டதுதான் இந்தக் கட்டுரையின் நடுவில் இருக்கிற கேள்வி. "கேசு கீசுன்னு போனா நீ வூட்டுக்குப் பூடுவ தம்பி. எம்புள்ள அவுங்க கையிலதான இருக்கணும்?"

இதற்குப் பதில் சொல்லாமல் தாண்டிப் போகக்கூடாது. பேச முடியாத பிள்ளை. கிள்ளினால் கிள்ளினார்கள் என்று வந்து சொல்ல நேரமாகும். தாகத்துக்குத் தண்ணி கொடுக்காமல் விட்டாலும், 'நான் பாக்கல' என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடலாம். சிறுவன் அம்பேத்கர் பள்ளிக்குச் சாக்குத்துணி கொண்டுபோய் உட்கார்ந்ததும், பியூன் வந்து ஊற்றினால்தான் தண்ணீர், பியூன் வராத நாளில் தண்ணீர் இல்லை என்பதும் நாம் திரும்பத் திரும்பப் படிக்கிற வரலாறு. அந்தத் தாகம் இன்னொரு உருவத்தில் இந்தப் பையனுக்குக் காத்திருக்கிறது. அக்காவின் பயம் கோழைத்தனம் இல்லை. அது அனுபவத்திலிருந்து வருகிற அறிவு. 'விழிப்புணர்வு இல்லாத சனம்' என்று மேடையில் திட்டுகிறவர்கள் இதை உணர வேண்டும்.

அதற்காக வாயை மூடிக்கொண்டிருப்பதா? மௌனம் பிள்ளையைக் காப்பாற்றும் என்றால் நானும் மௌனத்துக்கு ஓட்டுப் போடுவேன். மௌனமாக இருந்தபோதுதான் பிள்ளை வீட்டுக்கு அனுப்பப்பட்டது. இந்த இரண்டுக்கும் நடுவில் வழி உண்டா என்று தேடினால், வரலாற்றில் இரண்டு இடம் தட்டுப்படுகிறது.

முதலாவது திருவிதாங்கூர். 1910களில் அய்யன்காளி, பஞ்சமி என்ற புலையர் சிறுமியின் கையைப் பிடித்து ஊரூட்டம்பலம் பள்ளிக்குள் அழைத்துப் போனார். புலையர் பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்ற அரசாணை அவர் பக்கம் இருந்தது. ஆணை இருந்து என்ன செய்ய? ஆதிக்க சாதியினர் பள்ளிக்குத் தீ வைத்தார்கள். பாதி எரிந்த பெஞ்சு ஒன்று இன்றும் அந்தப் பள்ளியில் வைக்கப்பட்டிருக்கிறது. 2022இல்தான் அந்தப் பள்ளிக்கு அய்யன்காளி, பஞ்சமி இருவர் பேரையும் கேரள அரசு வைத்தது. இதில் நாம் கவனிக்க வேண்டியது அய்யன்காளியின் துணிச்சலை மட்டுமல்ல. தங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளி அனுமதி கேட்டுப் புலையர்கள் வயலில் இறங்க மறுத்து வேலைநிறுத்தம் செய்தார்கள். ஒரு சிறுமி வாசலைத் தாண்டுவதற்குப் பின்னால் ஒரு சனமே பட்டினி கிடந்தது. பஞ்சமியின் வீட்டாரைத் தனியாக அனுப்பிவைத்துவிட்டு மற்றவர்கள் வேடிக்கை பார்க்கவில்லை.

இரண்டாவது அமெரிக்கா. 1972இல் வாஷிங்டன் நகரக் கல்வி வாரியத்துக்கு எதிராக மில்ஸ் வழக்கு என்று ஒன்று. வழக்குத் தொடுத்த ஏழு பிள்ளைகளும் கறுப்பினத்தவர். ஊனம், மந்தம், முரட்டுக் குணம் என்று ஏதேதோ முத்திரை குத்திப் பள்ளிக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள். பணம் இல்லை என்றது வாரியம். பணம் போதவில்லை என்றால் அந்தக் குறை ஊனமுற்ற பிள்ளைகள் தலையில் மட்டும் விழக்கூடாது என்றது நீதிமன்றம். கறுப்பு வெள்ளைப் பள்ளிப் பிரிவினையை ஒழித்த 1954 தீர்ப்பின் தொடர்ச்சி இது. 1975இல் அந்த நாடு முழுமைக்கும் சட்டம் வந்தது. பிள்ளைக்கு என்ன தேவை என்று தீர்மானிக்கிற கூட்டத்தில் பெற்றோரும் உட்கார வேண்டும் என்றது அந்தச் சட்டம். 1977இல் சான் பிரான்சிஸ்கோவில் ஊனமுற்றோர் ஓர் அரசு அலுவலகத்துக்குள் புகுந்து மூன்று வாரத்துக்கும் மேல் வெளியேற மறுத்தபோது, அவர்களுக்கு நாள்தோறும் சுடச்சுடச் சாப்பாடு கொண்டுபோனவர்கள் கருஞ்சிறுத்தைகள். அந்தக் கருஞ்சிறுத்தைகளின் பெயரைத் தழுவித்தான் 1972இல் பம்பாயில் தலித் சிறுத்தைகள் உருவானார்கள். பெயரை எடுத்துக்கொண்ட நாம் அந்தச் சாப்பாட்டுப் பாத்திரத்தையும் எடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

இந்த இரண்டிலிருந்தும் எனக்குக் கிடைக்கிற பதில் இது: ஒரு தாயிடம் 'போராடு' என்று சொல்ல நமக்கு உரிமை கிடையாது. அந்தப் போராட்டத்தின் ஆபத்தில் பங்கு எடுத்துக்கொண்ட பிறகு, 'போராடலாமா' என்று அவரிடம் கேட்க மட்டும் உரிமை உண்டு. தனியாகச் சுமந்தால் ஒருத்தியை நசுக்கிவிடும் உரிமை, நடைமுறையில் இன்னும் உரிமையாக ஆகவில்லை என்றுதான் பொருள்.

அக்கா விஷயத்தில் தெருப் பெண்கள் ஆறு பேர் ஒருநாள் வேலைக்குப் போகாமல் கூட வந்தார்கள். யாரும் சத்தம் போடவில்லை. வராந்தாவில் உட்கார்ந்தார்கள். அக்கா சொன்னதைச் சொன்னபடியே எழுதியிருந்தோம். மனுவை அவர் கையாலேயே கொடுத்தார். வாங்கியதற்குக் கையெழுத்து போட்டுக் கொடுங்க சார் என்று கேட்டதும் அவரேதான். அன்றைக்குத்தான் அவருக்கு நாற்காலி போட்டார்கள். அடுத்த வாரம் வகுப்பு கீழே வந்தது. கக்கூசுக்குக் கம்பி வந்தது. உதவிக்கு ஆள் வரவில்லை, இன்றுவரை வரவில்லை. தெருப் பெண்கள் முறைபோட்டுக்கொண்டு மத்தியானம் போய் வருகிறார்கள். இதைச் சாதனை என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. அரசு செய்யவேண்டிய வேலையை ஏழைப் பெண்கள் சம்பளமில்லாமல் செய்கிறார்கள். மனு மேலே மேலே போய்க்கொண்டிருக்கிறது.

5

இனி, ஆரம்பத்தில் சொன்ன பிள்ளை. எல்லோரும் பேசி முடித்தபிறகும் பேசாமல் இருக்கிற பிள்ளை.

தாய்க்காக இயக்கத்துக்காரன் பேசுவதில் என்ன ஆபத்தோ, அதே ஆபத்து பிள்ளைக்காகத் தாய் பேசுவதிலும் உண்டு. சொல்லக் கஷ்டமாக இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். தாய் ஊனமுற்றவர் இல்லை. தாயின் ஆசையும் பிள்ளையின் ஆசையும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. அக்காளுக்குக் கல்யாணம் ஆகவேண்டும் என்று தம்பியை உள்வீட்டில் வைத்திருக்கிற அப்பாக்கள் இருக்கிறார்கள். சர்டிபிகேட் வாங்கினால் 'ஊனம்'னு முத்திரை விழுந்துடும் என்று பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். சாதிச் சான்றிதழ் வாங்கியதால் நம்மேல் சாதி வந்து ஒட்டியதா? ஏற்கனவே சுமந்துகொண்டிருந்த ஒன்றைக் கணக்கில் ஏற்ற வைத்தோம். கணக்கில் ஏறாதவருக்குப் பங்கு கிடைக்காது. இதுவும் அப்படித்தான்.

பையனிடம், 'ஸ்கூல்ல உனக்கு இன்னாடா வோணும்?' என்று கேட்டோம். நாங்கள் சாய்தளம் பற்றியும் துணையாள் பற்றியும் யோசித்துக்கொண்டிருந்தோம். அவன் வாயைக் கோணி, நேரமெடுத்து, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னான்: "மணி... அடிக்கணும்."

பள்ளிக்கூட மணி. நாலாவது, அஞ்சாவது பிள்ளைகள் முறைவைத்து அடிக்கிற மணி. அவனுக்கு முறையே வந்ததில்லை. கொடுக்கலாமே என்று யாருக்கும் தோன்றியதும் இல்லை. மனுவில் கடைசி வரியாக அதையும் சேர்த்தோம். வகுப்பில் உட்கார இடம் கேட்டோம் நாங்கள். அவன் கேட்டது பள்ளியில் ஒரு பொறுப்பு, மற்றப் பிள்ளைகளைப் போல. எங்கள் பட்டியலைவிட அவன் கேட்டது பெரிது. ஊனமுற்றோர் இயக்கத்தில் ஒரு முழக்கம் உண்டு: எங்களை விட்டுவிட்டு எங்களைப் பற்றி எதுவும் வேண்டாம். எட்டு வயசுக்கும் அது பொருந்தும்.

6

2011 மக்கள்தொகைக் கணக்குப்படி இந்தியாவில் ஊனமுற்றோர் 2.68 கோடிப் பேர். மொத்த மக்களில் 2.21 விழுக்காடு. பட்டியல் சாதியினரிடையே இது 2.45 விழுக்காடு. சாப்பாடு இல்லாத கர்ப்பம், நேரத்துக்குக் கிடைக்காத பிரசவ வைத்தியம், சுத்தமில்லாத தண்ணீர், ஆபத்தான வேலை என்று பார்த்தால் இந்த வித்தியாசம் ஆச்சரியப்படுத்தவில்லை. சாதி உடம்பிலும் எழுதப்படுகிறது.

அப்படியிருக்க, நம் இயக்க மேடைகளுக்கு ஏறப் படிக்கட்டுதான் இருக்கிறது. 'முடமான அரசு', 'குருட்டுச் சமூகம்', 'ஊமைச் சனங்கள்' என்று நம் கவிதைகளும் முழக்கங்களும் எத்தனை முறை எழுதியிருக்கின்றன! 'பறத்தனம்' என்று எழுதினால் சண்டைக்குப் போகும் நாம், இவற்றைக் கைதட்டி ரசிக்கிறோம். ஒடுக்கப்பட்டவனின் மொழி இன்னொரு ஒடுக்கப்பட்டவனின் உடம்பை வசவாக எடுத்துக்கொள்வது என்ன நியாயம்? மறுபக்கம், ஊனமுற்றோர் அமைப்புகளிலும் சாதி பற்றிப் பேச்சு எழுவதில்லை. அங்கே ஊனம் மட்டும்தான், சேரி இல்லை. இங்கே சேரி மட்டும்தான், ஊனம் இல்லை. அக்காவும் பையனும் இரண்டுக்கும் நடுவில் விழுந்து கிடக்கிறார்கள்.

மாணவத் தோழர்களுக்குச் சில வேலைகள் சொல்லத் தோன்றுகிறது. அம்பேத்கர் இரவுப் பாடசாலை நடத்துகிறவர்கள், தெருவில் வீட்டைவிட்டு வெளியே வராத பிள்ளை எத்தனை என்று முதலில் எண்ணுங்கள். பெற்றோரோடு பள்ளிக்குப் போனால் இரண்டு பேருக்குக் குறையாமல் போங்கள், போய் முதலில் வாயைத் திறக்காதீர்கள். அவர் தடுமாறுகிற இடத்தில் மட்டும் கைகொடுங்கள். மனுவை அவர் சொல்கிற வார்த்தையில் எழுதி, படித்துக் காட்டி, அவர் சரி என்ற பிறகு கொடுக்க வையுங்கள். வாய்வார்த்தையாக மறுத்தால் 'எழுதிக் குடுங்க சார்' என்று கேட்கப் பழக்குங்கள். எழுதிக் கொடுக்கச் சொன்னதும் பாதி மறுப்புகள் கரைந்துபோகும். வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர் எத்தனை பேர், எத்தனை பள்ளிக்கு என்று கேளுங்கள். தொடக்க வகுப்பில் இப்படிப்பட்ட 10 பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்கு மேல் 15 பேருக்கு ஒருவர் என்று 2021இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள், வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவுப் பெற்றோருக்கு உரிய பங்கு என்பது சட்டம். இந்தத் தாய்மார்கள் அங்கே உட்கார வேண்டும். பள்ளியில் முடியாவிட்டால் திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ், அதற்கும் மேலே மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையர். ஒவ்வொரு படியிலும் தாயை முன்னால் விட்டுப் பின்னால் கூட்டமாக நில்லுங்கள்.

இதைச் செய்யும்போது நம் பேர் செய்தித்தாளில் வராது. ஒரு வருஷத்தில் அந்தத் தாய் அடுத்த தெருத் தாய்க்கு மனு எழுதச் சொல்லிக் கொடுக்கிறாரா, பிள்ளை தனக்கு வேண்டியதைத் தானே சொல்கிறதா என்பதை வைத்துத்தான் நம் வேலையை அளக்க முடியும். யாருக்காக யார் பேசுவது என்ற பழைய கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதில் இவ்வளவுதான். பேச வேண்டியவர் பேசுகிற வரைக்கும் கூட நிற்பது, அவர் பேசியதற்காக விழுகிற அடியில் நம் முதுகையும் கொடுப்பது. இது போதுமா, இதிலும் ஏதாவது ஆக்கிரமிப்பு ஒளிந்திருக்கிறதா என்பதை ஊனமுற்ற தோழர்களும் அவர்களுடைய பெற்றோரும் சொல்ல வேண்டும். இந்தப் பக்கங்களில் அடுத்து எழுத வேண்டியவர்கள் அவர்கள்.